மூக்கண்ணனிடம் நீட்டிய குப்பி

மூக்கண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி. அந்த அட்டையைப் படித்துப் பார்த்து அவரைக் கூப்பிட்டவர் எவருமில்லை. அவர் மெக்கானிக்காக இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியின் வாட்ச்மேன் முதல் பெரிய கேப்டன் வரை எல்லோருக்கும் அவர் மூக்கண்ணன்தான். மூக்கு ஏதோ கருடன் அலகு போல இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண மூக்கு, சொல்லப்போனால் கொஞ்சம் சப்பை. சின்ன வயதில் எங்கேயோ விழுந்து நசுங்கியிருக்கிறது என்று அவர் மனைவி சொல்வாள். பிறவியிலேயே அப்படித்தான் என்று அவர் சொல்வார். எப்படியோ, அந்தச் சப்பை மூக்கு செய்த காரியங்கள் அந்தப் பள்ளியின் தகரக் கொட்டகையில் புராணம் போல நிலைத்துவிட்டன.

ஒரு முறை வெளியூர் விமானம் ஒன்று பெட்ரோல் போட வந்து நின்றது. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அதைத் தாண்டிப் போன மூக்கண்ணன், நாலடி போய்த் திரும்பி வந்தார்.

"இதுல ஏதோ கருகுதுங்க."

அந்த விமானி காற்றை உறிஞ்சிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையேப்பா. போன வாரம்தான் சர்வீஸ் பண்ணோம்."

மூக்கண்ணன் நகரவில்லை. டீ ஆறிப்போனது. கடைசியில் அவர் பிடிவாதத்துக்காகவே முன்பலகையைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு வயரின் மேல்தோல் உருகி, அடுத்த வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த விமானி மூக்கண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இன்னொரு முறை, பெட்ரோல் வண்டியிலேயே வேறு எண்ணெய் கலந்து வந்துவிட்டது. வண்டிக்காரன் குழாயைத் திறந்த மாத்திரத்தில், "மூடு, மூடு, இது நம்ம சரக்கு இல்ல" என்று மூக்கண்ணன் கத்தியது கொட்டகை முழுக்கக் கேட்டதாம். அன்றிலிருந்துதான் இந்தப் பெயர்.

பெயர் வந்ததில் தப்பில்லை. பெயரோடு சேர்ந்து ஒரு பழக்கமும் வந்ததுதான் வினையாகப் போனது. அது என்ன பழக்கம் என்று சொல்வதற்கு முன், ஒரு சின்ன விமானத்தை எப்படிக் கிளப்புகிறார்கள் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

காரை எடுப்பது மாதிரி சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு போய்விட முடியாது. ஓட்டப் போகிறவரே விமானத்தைச் சுற்றி வந்து, கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும். கதவில் ஆரம்பித்து, ஒரே பக்கமாகச் சுற்றி, திரும்பக் கதவுக்கே வந்து சேர வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எங்கே விட்டோம் என்பது மறந்துவிட்டால், மறுபடி முதலிலிருந்து. புரொப்பல்லரின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்றைக்குக் கல் தெறித்த சின்னப் பள்ளம் நாளைக்கு விரிசலாகும். இறக்கையின் கீல்களில் ஆணி ஆடுகிறதா, சக்கரத்தின் பக்கத்தில் பிரேக் எண்ணெய் கசிந்து தரை நனைந்திருக்கிறதா, எஞ்சின் மூடிக்குள் குருவி வைக்கோலைத் திணித்துக் குடித்தனம் நடத்துகிறதா, வேகம் காட்டும் கருவிக்குக் காற்றுப் போகிற விரல் அளவுக் குழாய்க்குள் குளவி மண்ணை அப்பியிருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பெட்ரோல். டேங்க் இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. இறக்கையின் அடியில் ஒரு குட்டி வால்வு. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரு குப்பியை அதில் வைத்து அழுத்தினால், கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். விமானப் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் புகுந்திருந்தால் பெட்ரோலோடு அது சேராது. கனம் அதிகம் என்பதால் குப்பியின் அடியில் போய், கோலிக்குண்டின் பேரன் மாதிரி உருண்டு நிற்கும். ஒரு பார்வை போதும், தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு பார்வையைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பார்வைதான் அந்தப் பள்ளியில் மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. பெட்ரோலைப் பிடித்த கையோடு மாணவர்கள் குப்பியை மூக்கண்ணனிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். முதலில் விளையாட்டாகத்தான். அவர் மோந்து பார்த்து, கையை லேசாக உயர்த்தி, "போ" என்பார். அந்தக் கை உயர்ந்தால் போதும், எல்லாம் சரி என்று அர்த்தம். வருடங்கள் போகப் போக, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் பாடத்தில் ஒரு பாகம் என்றே நினைத்துக்கொண்டார்கள். பார்வையாளர்கள் வந்தால் பெரிய கேப்டன் அவர் தோளைத் தட்டி, "எங்க பிளேன்ல எல்லா மீட்டரும் பொய் சொல்லும், இவர் மூக்கு சொல்லாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மூக்கண்ணனும் சிரிப்பார். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மனுஷன்தானே.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. படுக்கையில் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டுப் போனது. எழுந்து உட்கார்ந்த அன்று காலையில் அடுப்பில் பால் வைத்திருந்தார்கள். அவர் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். மனைவி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னங்க! தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாடை அடிக்குது, பக்கத்துல சாமி மாதிரி உக்காந்திருக்கீங்க!"

மூக்கண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பால் பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. புகை கண்ணுக்குத் தெரிந்தது. கண் எரிந்தது. மூக்கில் ஒன்றும் இல்லை. குனிந்து, முகத்தைப் பாத்திரத்துக்குள் விடாத குறையாக, இழுத்துப் பார்த்தார். சூடு மட்டும் ஏறியது.

"ஏம்மா, இது தீஞ்ச பால்தானே?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவள் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். எந்தப் பிள்ளை பொய்யாக அழுகிறது, எது நிஜமாக அழுகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சோப்பு, மாத்திரை, மண்ணெண்ணெயில் நனைத்த துணி என்று ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து அவர் மூக்கருகே பிடித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், இல்லை, இல்லை என்று. கடைசியில் அவள் அந்தத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜலதோஷம் மாதிரி நாளைக்குத் திரும்பிவிடும் என்று கொஞ்ச நாள் பார்த்தார். திரும்பவில்லை. நேராகப் பெரிய கேப்டன் அறைக்குப் போனார்.

"என்னப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"மூக்கு போயிடுச்சுங்க."

பெரிய கேப்டன் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தார். "இருக்கேப்பா."

"இருக்குங்க. வேலை செய்யல. எந்த வாசனையும் தெரியல."

"அட, காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் அப்படித்தான். என் மச்சினிக்கும் போச்சு, தானா வந்துடுச்சு. இதுக்குப் போய்..."

"வர்ற வரைக்கும் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. குப்பியை அவங்கவங்களே பாக்கணும்னு."

"அவங்க பாக்காமலா இருக்காங்க?"

"பாக்கலீங்க. என்கிட்ட நீட்டிட்டுப் போயிடறாங்க."

"என்ன பேசற நீ. எதை எதைப் பாக்கணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறான் ஒவ்வொருத்தனும். நீ பக்கத்துல நிக்கிறது அவங்களுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான். மூக்கு போச்சுன்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டு அந்தத் தைரியத்தைக் கெடுத்துடாதே. சும்மா நில்லு, கையைத் தூக்கு. போதும்."

சும்மா நிற்க மூக்கண்ணனால் முடியவில்லை. அடுத்து குப்பியை நீட்டிய மாணவனிடமே நேராகச் சொன்னார்.

"நீயே பாரு தம்பி."

"பாத்தாச்சுண்ணே."

"என்ன பாத்த?"

அவன் விழித்தான். "பெட்ரோல்..."

"எனக்கு வாசனையே தெரியல தம்பி. சத்தியமா சொல்றேன்."

அவன் சிரித்துவிட்டான். "போங்கண்ணே! போன மாசம் நான் ஷூவைக் கழட்டினதுக்கே கொட்டகையை விட்டு ஓடினவர் நீங்க!"

இப்படியே ஆனது. அவர் எவ்வளவுக்கெவ்வளவு உண்மையைச் சொன்னாரோ, அவ்வளவுக்கவ்வளவு அது வேடிக்கையாகப் போயிற்று. ஒருவன், அண்ணன் நம்மைச் சோதிக்கிறார் என்றான். இன்னொருவன், காய்ச்சலுக்கு அப்புறம் அண்ணனுக்கு மூக்கு மேல் கோபம் வருகிறது என்று அதற்கும் ஒரு மூக்கைச் சேர்த்துச் சொன்னான். எல்லாக் குப்பியையும் அவரே கண்ணால் பார்த்துத் தள்ளினால் என்ன என்று கேட்கலாம். பார்த்தார். கையில் வேலை இல்லாத நேரமெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தார். ஆனால் மூக்கண்ணன் ஒருவர், விமானங்கள் ஏழெட்டு. அதோடு, நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வேறு ஊரில் தனியாக இறங்கிப் பெட்ரோல் போடும்போது, மூக்கண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டா போவார்கள்?

அதனால் குப்பியை வாங்குவதையே நிறுத்திப் பார்த்தார். விமானம் கிளம்பும் நேரமாகப் பார்த்து, எஞ்சினுக்கு அடியிலோ கொட்டகையின் பின்பக்கமோ போய்விடுவார். அதற்கும் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர் எங்கே இருக்கிறாரோ அந்தத் திசை பார்த்துக் குப்பியைத் தூக்கிக் காட்டுவார்கள், பிறகு கொட்டிவிடுவார்கள். அவர் கண்ணில் பட்டாலே பெட்ரோல் சுத்தமாகிவிடும் போல.

இதில் அவருக்கு அதிகம் வலித்தது சின்ன கேப்டனை நினைத்துத்தான். சின்ன கேப்டன் வேறு யாரோ இல்லை, அவர் மனைவியின் தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அக்காதான் அவனை வளர்த்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவன் பட்டம் வாங்கிய படம் கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்கும் மேலே மாட்டியிருக்கிறது. மணி பார்க்கிற சாக்கில் தினமும் அதைப் பார்க்கலாம் என்று அவளுடைய ஏற்பாடு. அப்புறம் அவன் விமானம் ஓட்டப் படித்து, அதே பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற கேப்டனாகவும் ஆகிவிட்டான். கெட்டிக்காரன். வெயிலென்று பாராமல் உழைத்துத்தான் அந்த இடத்துக்கு வந்தான். ஆனால் அவனும் மாணவனாக இருந்த காலத்திலிருந்தே குப்பியை மாமாவிடம் நீட்டி வளர்ந்தவன்தான்.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. மேலே போய்த் தன் வீட்டு மாடியைப் பார்க்க வேண்டும். தினமும் துணி காயப்போடுகிற மாடி வானத்திலிருந்து எப்படி இருக்கும்? பள்ளி விமானத்தில் வெளியாரை ஏற்றிக்கொள்ள அவனுக்கு அனுமதி கிடைத்ததும் முதல் ஆளாக அக்காவைத்தான் கூப்பிட்டான்.

"நம்ம மாடி எதுன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது? மேலேர்ந்து பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்காதா?"

"அடையாளத்துக்கு எதையாவது விரிச்சு வை அக்கா."

அவள் கல்யாணத்துக்கு வந்த சிவப்புப் பெட்ஷீட்டை எடுத்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து மாடியில் விரித்துவிட்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

முந்தின நாள் முழுக்க மழை கொட்டியிருந்தது. அவர்கள் போக வேண்டிய விமானம், கொட்டகையில் இடமில்லாமல் வெளியே நின்று நனைந்திருந்தது. அதன் இடது டேங்க் மூடியில் ரப்பர் வாஷர் இறுகிப்போய் வெடித்திருந்தது. புதுசு வேண்டும் என்று மூக்கண்ணன் கேட்டு, அது இன்னும் வந்து சேரவில்லை. பிளாஸ்டிக் தாளைச் சுற்றித்தான் வைத்திருந்தார். காற்று அதைக் கிழித்துவிட்டிருந்தது. காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்த இடது டேங்கிலிருந்து வடித்தார். தண்ணீர் வந்தது. நீலம் மட்டும் வரும்வரை வடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மச்சானைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இடது பக்கம் தண்ணி வந்துச்சு. இப்ப வடிச்சிருக்கேன். ஆனா பிளேனை இழுத்துட்டு வந்து நிறுத்தின பிறகு திரும்ப வடிச்சுப் பாக்கணும். மூலையில ஒட்டிக்கிட்டு நிக்கும், ஆட்டினாத்தான் இறங்கும். புரியுதா?"

"சரி மாமா."

"நான் டயர் மாத்திட்டு வந்து என் கண்ணால பாத்த பிறகுதான் கிளம்பணும்."

"சரி மாமா, சரி. உங்க பொண்டாட்டியை நான் என்ன கடத்திட்டா போகப்போறேன்?"

மூக்கண்ணன் அடுத்த விமானத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். சாயங்காலம்தான் மேகம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மேகத்துக்கு யார் சொன்னார்களோ, முன்பாகவே மேற்கே கூட ஆரம்பித்தது. சின்ன கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம் என்று அவசரப்பட்டான். மற்றதையெல்லாம் ஒழுங்காகத்தான் சோதித்தான். கடைசியில் இடது இறக்கைக்கு அடியில் குனிந்து, குப்பியில் பெட்ரோலைப் பிடித்து, எழுந்து மாமா இருக்கிற திசை பார்த்துத் தூக்கிக் காட்டினான்.

புதுச் சக்கரத்தை அச்சில் பாதி நுழைத்து, முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார் மூக்கண்ணன். விட்டால் காலில் விழும். கிரீஸ் படிந்த ஒரு கையை மட்டும் விடுவித்து உயர்த்தினார். இரு, வருகிறேன் என்று.

இத்தனை வருடமாக அந்தக் கை உயர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

சின்ன கேப்டனும் கையை உயர்த்தினான். குப்பியைத் தரையில் கவிழ்த்தான். அதைக் கவிழ்க்கும்போது அவன் பார்த்தது குப்பியை அல்ல; அக்காவை. அவள் ஏறுவதற்குச் சேலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"டேய்! இருடா!" என்று கத்தினார் மூக்கண்ணன். கொட்டகைக்குள் யாரோ கிரைண்டிங் மிஷினைப் போட்டிருந்தார்கள். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. சக்கரத்தை ஒருவாறு சரித்துத் தள்ளிவிட்டு, முழங்கால் சிராய்க்க எழுந்து ஓடினார். அதற்குள் புரொப்பல்லர் சுழன்றுவிட்டது. சுழல்கிற புரொப்பல்லரின் கிட்டே போகக் கூடாது என்பதுதான் அந்த வேலையில் அவர் கற்ற முதல் பாடம். தூரத்திலேயே முன்பக்கமாக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வீசினார். சின்ன கேப்டன் குனிந்து கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கண்ணாடி வழியாக மனைவி அவரைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாக, அவளும் இரண்டு கைகளையும் தூக்கி, அவரைவிட வேகமாக டாட்டா காட்டினாள்.

விமானம் திரும்பி ரன்வேயை நோக்கி நகர்ந்தது. மூக்கண்ணன் ரேடியோ அறைக்கு ஓடினார். அங்கே இருந்த பெண் அவர் கோலத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நிக்கச் சொல்லும்மா! பெட்ரோலைப் பாக்கச் சொல்லு! இடது டேங்க்!"

அவள் சொன்னாள். கரகரப்புக்கு நடுவே மச்சானின் குரல் வந்தது, உற்சாகமாக. "பாத்தாச்சு. மாமாவே கை காட்டினாரு. கிளம்பறேன்."

அந்தப் பெண் மைக்கைப் பிடித்தபடி திரும்பினாள். "நீங்க கை காட்டினீங்களாமே அண்ணே?"

இல்லை என்று அவர் தலையை ஆட்டுவதற்குள், அவள் அதைத் திருப்பிச் சொல்வதற்குள், ஜன்னலுக்கு வெளியே சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன.

மூக்கண்ணன் வெளியே வந்து நின்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அதுதான். இத்தனை வருடத்தில் எத்தனை ஸ்பேனர், எத்தனை ஸ்குரூ டிரைவர் பிடித்த கைகள். இப்போது பிடிக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு பக்கமும் தொங்கின. விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போதுதான் டேங்கின் மூலையில் ஒளிந்திருக்கிற தண்ணீர் பின்னால் சரிந்து குழாய்க்குள் போகும். அவருக்கு அது தெரியும். எந்த உயரத்தில் எந்த இடத்தில் அது நடக்கும் என்றுகூடக் கிட்டத்தட்டத் தெரியும். தெரிந்து என்ன? காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றார். காது நன்றாக இருந்தது. அன்றைக்கு அதுவும் போயிருக்கக் கூடாதா என்று பிற்பாடு மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

ரன்வே முடிகிற இடத்து மரங்களுக்கு மேலே எஞ்சின் ஒரு முறை இருமியது. மறுபடி பிடித்தது. மறுபடி இருமியது. அப்புறம் சத்தமே இல்லை.

விமானம் ஒரு காகிதம் போல அங்கே நின்றது. நின்ற மாதிரித் தெரிந்தது. பிறகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு மரங்களின் பின்னால் இறங்கி மறைந்தது. மூக்கண்ணன் வாயைத் திறந்தார். யாரைக் கூப்பிடுவதற்கு என்று தெரியாமல் திறந்தபடியே இருந்தது.

சத்தம் திரும்ப வந்தது. முதலில் திக்கித் திக்கி, பிறகு முழுசாக. மரங்களுக்கு மேலே இறக்கையின் நுனி முதலில் தெரிந்தது. சின்ன கேப்டன் பெட்ரோல் வரும் வழியை இடது டேங்கிலிருந்து வலது டேங்குக்குத் திருப்பியிருந்தான்; அந்த நேரத்தில் அதைச் செய்ய வைத்தது அவன் படிப்பு. தாழ்வாகவே ஒரு வட்டம் அடித்து, எதிர்ப்பக்கமாக வந்து, குதித்துக் குதித்து இறங்கி நின்றான்.

மூக்கண்ணன் போய்ச் சேர்ந்தபோது மனைவி தானே கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தாள். மூஞ்சி தொங்கிப் போயிருந்தது.

"அவ்வளவுதானாடா? ஏறினதும் இறக்கிட்ட? இன்னும் நம்ம தெருவே வரலையே, பெட்ஷீட்டைப் பாக்கவே இல்ல!" புருஷனைப் பார்த்ததும் சட்டென்று மலர்ந்தாள். "ஆனா என்னங்க, நடுவுல கொஞ்ச நேரம் சத்தமெல்லாம் நின்னு போச்சு பாருங்க, எவ்வளவு நல்லா இருந்துச்சு! காத்து மட்டும் கேட்டுச்சு. அந்த மாதிரியே ஓட்டக் கூடாதான்னு இவன்கிட்ட கேட்டேன், வாயே திறக்கல."

சின்ன கேப்டன் இன்னும் இருக்கையில்தான் இருந்தான். மாமாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கண்ணன் குனிந்து, இடது வால்வில் குப்பியை வைத்து அழுத்தினார். வெளிச்சத்துக்குத் தூக்கினார். நீலம் மேலே மெல்லிய கோடாக நின்றது. கீழே எல்லாம் தண்ணீர்.

அந்தக் குப்பியைப் பெரிய கேப்டனின் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். அவர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"பாத்தியா மூக்கண்ணா. நீ மட்டும் நல்லா இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

"தண்ணிக்கு ஏதுங்க வாசனை?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"என் மூக்கு நல்லா இருந்தப்பவும் தண்ணியைக் கண்டுபிடிச்சது என் கண்ணுதாங்க. மோந்து பாக்கும்போதே பாத்துக்குவேன். இதைப் பாக்க மூக்கே வேண்டாம். பாத்தாலே போதும்."

"அதெல்லாம் சரிப்பா. உன் மூக்கைச் சரி பண்றதுதான் முதல் வேலை." பெரிய கேப்டன் நல்ல மனுஷர், பயந்தும் போயிருந்தார். "பெரிய டாக்டரா பாப்போம். நீ கவலைப்படாதே."

சின்ன கேப்டன் சுவரோடு ஒட்டி நின்றான். "தப்பு என்னோடதுதான் சார். மாமா கை காட்டினதும் நான்..." என்று இழுத்தான். கை காட்டினதும் என்ற இடத்திலேயே எல்லோரும் திரும்பி மூக்கண்ணனின் கையைப் பார்த்தார்கள். அவர் அதைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இரு என்றுதான் காட்டினேன் என்று சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் அது காதிலும் ஏறவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு வைத்தியம். ஒருவன் ஆவி பிடிக்கச் சொன்னான். ஒருவன் வெங்காயத்தை அறுத்து நுகரச் சொன்னான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நிற்கச் சொன்னான் இன்னொருவன். ரேடியோ அறைப் பெண் ஒரு தைல பாட்டிலைக் கொண்டு வந்து கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அவ்வளவு பேரும் பிரியத்தோடுதான் செய்தார்கள். அதுதான் அவரைக் கட்டிப்போட்டது, கோபப்படக்கூட வழியில்லை.

வீட்டில் மாடியில் மழை விழுந்து சிவப்புப் பெட்ஷீட் ஈரமாகக் கிடந்தது. இரண்டு பேருமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தார்கள். பிழிகிறபோதுதான் அவர் சொன்னார், அந்தச் சத்தம் நின்ற நேரம் என்னவென்று. அவள் கையிலிருந்த முனையை விடவில்லை. முறுக்கியபடியே நின்றாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவனைத் திட்டினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அவன் என்னை நம்பினான். அதுக்கு எப்படித் திட்டுறது?"

அவள் தன் முனையை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். "நாளைக்கு மூக்குல துணி கட்டிட்டுப் போங்க. நல்லா இறுக்கமா. அப்பவாவது புரியும்ல? வாயைத் திறந்து சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க, கண்ணால பாக்கட்டும்."

மறுநாள் காலையில் மூக்கண்ணன் பச்சைத் துணியால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கொட்டகை வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. பெரிய கேப்டன் முந்தின நாளே எழுதச் சொல்லியிருக்கிறார். மூக்கண்ணன் குப்பியைப் பார்க்காமல் எந்த விமானமும் கிளம்பக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதுவரை பழக்கமாக இருந்தது இப்போது சட்டமாகிவிட்டது. பெரிய கேப்டன் தூரத்திலிருந்து அவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். நல்லது செய்துவிட்டோம் என்கிற முகம்.

சின்ன கேப்டன் அன்று மட்டும் தன் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே வெகு நேரம் பிடித்திருந்தான். பிறகு பலகையைப் பார்த்தான். கொஞ்சம் தயங்கி, குப்பியை எடுத்துக்கொண்டு மாமா இருக்கிற பக்கம் நடந்து வந்தான். சட்டம் சட்டம்தானே.

அவனுக்கு முன்னால் வரிசையில் ஒரு மாணவன் நின்றான். அந்த வாரம்தான் சேர்ந்தவன். மூக்கண்ணனைப் பற்றி விடுதியில் கேட்டிருப்பான் போல, கண்ணில் அப்படி ஒரு மரியாதை. இரண்டு கைகளாலும் குப்பியை நீட்டினான்.

மூக்கண்ணன் வாங்கவில்லை. துணிக்கு மேலே தன் கண்ணைச் சுட்டிக் காட்டினார். பிறகு குப்பியைக் காட்டினார். பிறகு அவன் கண்ணைக் காட்டினார். "நீ பாரு தம்பி. இதுக்கு மூக்கு வேண்டாம். உன் கண்ணு போதும்."

"சரிண்ணே" என்றான் அவன், பணிவாக. நகரவில்லை. குப்பியை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, அவர் முகத்துக்குக் கிட்டே கொண்டு வந்தான். "துணியை அவுக்க நேரமானாலும் பரவாயில்லண்ணே. நான் இருக்கேன்."

காலை வெயில் குப்பிக்குள் ஊடுருவி நின்றது. நீலத்துக்கு அடியில் ஏதாவது உருண்டு கிடக்கிறதா, இல்லையா, ஒரு பார்வை பார்த்தால் அவனுக்கே தெரிந்துவிடும். அவன் பார்த்துக்கொண்டிருந்தது மூக்கண்ணனின் கையைத்தான். அது எப்போது உயரும் என்று.